டாக்டர் எழுதிக் கொடுத்தும் மறுத்துவிட்டார்களே, ஏன்?

கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அண்ணனுக்கு 54 வயது; இன்னும் நான்கு மாதத்தில் 55 ஆகும். அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூ ஜெர்சியில் வசிக்கிறார். பத்து ஆண்டாகக் கிடங்கு ஒன்றில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. அதற்கு முன்பு ஒரு கடையில் கணக்கர். படிப்பு பிளஸ் டூ. சிஓபிடி என்ற நாட்பட்ட மூச்சடைப்பு நோய் முற்றிப்போய் எட்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடுகிறது. "இவரால் எந்த வேலையும் செய்ய முடியாது" என்று டாக்டர் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்தோடு, அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையான சோஷியல் செக்யூரிட்டியில் இயலாமை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். மூன்று வாரத்துக்கு முன் மறுப்புக் கடிதம் வந்தது. புதிதாக விண்ணப்பிப்பதா, மேல்முறையீடு செய்வதா, டாக்டர் கடிதத்துக்கே மதிப்பில்லையா, இடையில் அண்ணனை ஒரு மாதம் திருச்சிக்கு அழைத்துப் போகலாமா என்பவை கேள்விகள்.

நான் வக்கீல் இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் அமெரிக்க மருத்துவமனைகளில் நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். இந்த விண்ணப்பங்களுக்குப் போகும் அறிக்கைகளை அச்சிட்டு அனுப்பியவன். தெரிந்தவர்கள் பலருக்குப் படிவம் நிரப்ப உதவியவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் வேலை: மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள், மேல்முறையீட்டின் முதல் படியான மறுபரிசீலனையைக் கேட்க வேண்டும். தபாலுக்கு 5 நாள் சேர்த்துக் கணக்கிடுவார்கள். புதிய விண்ணப்பம் போடாதீர்கள். மேல்முறையீடு செய்தால் முதல் விண்ணப்பத்தின் தேதி உயிரோடு இருக்கும், நிலுவைத் தொகை அந்தத் தேதியை வைத்துக் கணக்காகும். புதிதாகப் போட்டால் பழைய மறுப்பு இறுதியாகிவிடும்; அடுத்து வரும் அதிகாரி அதையே எடுத்துக் காட்டவும் செய்வார். முதல் சுற்றில் ஏற்கப்படுபவர்களைவிட மறுக்கப்படுபவர்களே அதிகம். அதனால் அந்தக் கடிதத்தைப் பார்த்து இடிந்துபோக வேண்டாம்.

இனி டாக்டர் கடிதம். "வேலை செய்ய முடியாதவர்" என்று முடிவு செய்வது சட்டப்படி சோஷியல் செக்யூரிட்டியின் வேலை, டாக்டரின் வேலை இல்லை. 2017 மார்ச் 27-க்குப் பிறகு போடப்பட்ட விண்ணப்பங்களில் அப்படிப்பட்ட ஒற்றை வரிக்கு அவர்கள் எந்த எடையும் தர வேண்டியதில்லை என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். எந்த நுரையீரல் நிபுணர் எழுதினாலும் இதே கதைதான். ஆனால் அதே டாக்டர், "இவரால் ஒரே மூச்சில் 150 அடிக்கு மேல் நடக்க முடியாது, எட்டு மணி நேரத்தில் மொத்தம் இரண்டு மணிதான் நிற்கவோ நடக்கவோ முடியும், 10 பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது, நாளுக்கு நான்கு முறை நெபுலைசர் வைக்க வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் இருபது நிமிடம், தூசியும் புகையும் உள்ள இடத்தில் இருக்கவே கூடாது, மாதத்தில் மூன்று நான்கு நாள் வரமுடியாமல் போகும்" என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பரிசோதனை ஆதாரம் என்றும் குறித்தால் அந்தக் காகிதத்தை ஒதுக்கிவிட முடியாது. டாக்டரின் கருத்தை எடைபோட அவர்கள் முக்கியமாகக் கேட்பவை இரண்டு: அவருடைய சொந்தக் குறிப்புகள் அதைத் தாங்குகின்றனவா? கோப்பிலுள்ள மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகிறதா?

நம்மவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இதில் முதல் கேள்வியில்தான். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே "நன்றாக இருக்கிறேன் டாக்டர்" என்பார். அது மரியாதைப் பேச்சு என்பது நமக்குத் தெரியும். கணினியிலோ "நோயாளி நலமாக இருப்பதாகத் தெரிவித்தார்" என்று பதிவாகிவிடும். ஓராண்டில் ஆறு முறை போனால் ஆறு முறையும் அதே வரி. கடைசியில் "எந்த வேலையும் செய்ய முடியாது" என்று அதே டாக்டர் கடிதம் கொடுத்தால் கோப்பைப் படிக்கிறவர் எதை நம்புவார்? அடுத்த முறை அண்ணனோடு நீங்களும் உள்ளே போங்கள். வாகன நிறுத்தத்திலிருந்து இந்த அறை வரை வர எத்தனை முறை நின்றார் என்று சொல்லுங்கள். போன மாதம் எத்தனை இரவு உட்கார்ந்தே தூங்கினார் என்று சொல்லுங்கள். அதைக் குறிப்பில் எழுதச் சொல்லியும் கேளுங்கள்.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன். இது என் வீடு என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி வைத்திருக்கும் நோய்ப் பட்டியலில் சுவாசக் கோளாறுகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. சிஓபிடி போன்ற நாட்பட்ட நோய்களுக்கான பிரிவின் எண் 3.02. அதில் சொன்ன அளவுக்கு நோய் இருந்தால் வயது, படிப்பு, வேலை எதையும் பார்க்காமல் ஏற்றுக்கொள்வார்கள். அந்த அளவைத் தொடுவதற்கு நான்கு வழிகள் உள்ளன. முதல் வழி, முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதும்போது முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பது. எஃப்இவி1 என்பது அதுதான். இரண்டாவது, மொத்தம் எவ்வளவு காற்று வருகிறது என்பது. மூன்றாவது, காற்றிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேரும் திறன். நான்காவது, 12 மாதத்துக்குள் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்திருப்பது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 48 மணி நேரம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 30 நாளாவது இடைவெளி. அவசரப் பிரிவில் காத்துக் கிடந்த நேரமும், அங்கிருந்து நேரே படுக்கைக்குப் போனால், அந்த 48 மணியில் சேரும். இது பலருக்குத் தெரியாததால் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

ஊதும் பரிசோதனையைப் பார்க்காதவர்களுக்கு: மூக்கில் கிளிப் மாட்டுவோம். வாயில் ஒரு குழாய். "நன்றாக இழுங்கள், இன்னும், இன்னும்" என்று சொல்லி, "இப்போது ஊதுங்கள்!" என்று கத்துவோம். கத்துவது உண்மைதான். பக்கத்து அறைக்காரர்கள் எங்களைப் பற்றிப் புகார் சொன்னதும் உண்டு. நுரையீரல் சுருங்கியவருக்கு முதல் நொடியில் வருவதெல்லாம் வந்துவிடும். சிஓபிடிக்காரருக்கோ பஞ்சர் டயரில் காற்று இறங்குவதுபோல மெல்ல மெல்ல வந்துகொண்டே இருக்கும். கண் சிவந்து கழுத்து நரம்பு புடைத்து நிற்கும்போதும் "நிறுத்தாதீர்கள், ஊதுங்கள், ஊதுங்கள்" என்போம். இப்படிக் குறைந்தது மூன்று முறை. அவற்றில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். சிலர் வேண்டுமென்றே மெதுவாக ஊதினால் எண் குறையும் என்று நினைக்கிறார்கள். திரையில் வரும் வளைகோட்டைப் பார்த்தாலே ஊதியவர் முழுமனதோடு ஊதினாரா என்பது தெரிந்துவிடும். ஒருமுறை "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டால் அந்தக் கறை கோப்பைவிட்டுப் போகாது.

உங்கள் அண்ணனின் அறிக்கையில் 1.74 லிட்டர் என்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் சதவீதம் ஒன்று போட்டிருக்கும், அதை விட்டுவிடுங்கள். சோஷியல் செக்யூரிட்டியின் அட்டவணை லிட்டரில்தான் இருக்கிறது. ஆணா பெண்ணா, 20 வயதுக்குக் கீழா மேலா, காலணி இல்லாமல் உயரம் எவ்வளவு என்பவற்றை வைத்து வரம்பு போட்டிருக்கிறார்கள். உங்கள் அண்ணனைப் போல ஐந்தரை அடி உயர ஆணுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். ஆகவே ஊதும் எண்ணை வைத்து அண்ணன் கோட்டைத் தொடவில்லை. இன்னொன்றும் பாருங்கள். உயரத்தைக் காலணியோடு அளந்திருந்தாலோ, "உங்கள் உயரம் என்ன?" என்று வாயால் கேட்டு எழுதியிருந்தாலோ அட்டவணையில் வேறு வரிக்குப் போய்விடுவார். ஒரு சென்டிமீட்டர் சில சமயம் ஒரு வழக்கையே மாற்றும்.

பரிசோதனை எந்த நாளில் நடந்தது என்பதும் முக்கியம். நோய் நிலையாக இருக்கும் நேரத்தில் எடுத்ததுதான் செல்லும். மூச்சுத்திணறல் கூடி அடங்கி 30 நாள் ஆகவில்லை, நெஞ்சில் சளி பிடித்ததற்கு மருந்து முடித்து 30 நாள் ஆகவில்லை, சுவாச மருந்தை மாற்றி இரண்டு வாரம் ஆகவில்லை என்றால் அந்த எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரத்தில் எடுத்த 1.2 லிட்டரைக் காட்டி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் சுற்றில் எஃப்இவி1 எதிர்பார்ப்பில் 70 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால், மருந்து இழுக்கவைத்து மறுபடி ஊதச் செய்ய வேண்டும். அது இல்லாத அறிக்கையும் அரைகுறைதான். வளைகோட்டுப் படங்கள் இல்லாமல் வெறும் எண்களை மட்டும் தொலைநகலில் அனுப்பும் ஆய்வகங்களும் உண்டு. அறிக்கையை நீங்களே வாங்கி, படம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

சரி, 1.74 என்றால் கதவு மூடிவிட்டதா? இல்லை. வீட்டில் ஆக்சிஜன் ஓடுகிறது என்றீர்களே, துப்பு அங்கேதான் இருக்கிறது. ஆக்சிஜன் வைத்திருப்பது மட்டுமே போதும் என்று பட்டியலில் எந்த வரியும் இல்லை. ஆனால் எந்த எண்ணைப் பார்த்து ஆக்சிஜன் எழுதிக் கொடுத்தார்கள் என்பதைத் தேடிப் பிடியுங்கள். அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஆக்சிஜனுக்குப் பணம் தர ரத்த ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி பட்டியலில், கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்குக் கீழே உள்ள ஊர்களுக்கு, வரம்பு 87. நியூ ஜெர்சி முழுவதும் அதற்குள் அடங்கும். அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் பலர் வாசலில் நிற்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது 92 காட்டுகிறவருக்கு ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் 85-க்கு இறங்குவது சாதாரணம். அந்தப் பரிசோதனையை ஆக்சிஜன் இல்லாமல், அறைக் காற்றில் செய்ய வேண்டும். நாடித்துடிப்பு அலையோடு சேர்ந்த அச்சுப்பிரதி அறிக்கையில் இருக்க வேண்டும். வீட்டில் விரலில் மாட்டிப் பார்த்த எண்ணை எழுதி அனுப்பினால் செல்லாது. டாக்டரிடம் இந்த நடைப் பரிசோதனையையும், வாயுப் பரிமாற்றத் திறனை அளக்கும் டிஎல்சிஓ பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

இடையில் ஒரு விஷயம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் தன்மை உடையது. 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி போதுமான அளவு இருப்பதாகக் காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நோயாளிகள், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தார்கள். நம் தோலுக்கும் அந்தக் கவலை உண்டு. அண்ணனுக்கு நடக்கும்போது 88, 89 என்று கோட்டின் மேலேயே நின்றால், மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். வலிக்கும், ஆனால் ஊசிக்குத் தோல் நிறம் தெரியாது. அதற்கும் பட்டியலில் தனி அட்டவணை இருக்கிறது.

பட்டியலைத் தொடாவிட்டாலும் வழக்கு முடிந்துவிடாது. பெரும்பாலான நுரையீரல் நோயாளிகள் ஜெயிப்பது அடுத்த படியில்தான்: இவரால் இன்னும் என்ன வேலை செய்ய முடியும் என்ற கணக்கு. அதில் உங்கள் அண்ணனுக்கு நேரம் சாதகமாக இருக்கிறது.

அவர்கள் வேலைகளை உடல் உழைப்பின் அளவில் பிரிக்கிறார்கள். 10 பவுண்டுக்கு மேல் தூக்காத, பெரும்பாலும் உட்கார்ந்தே செய்யும் வேலை ஒரு வகை. 20 பவுண்டு வரை தூக்கி நாளில் ஆறு மணி நேரம் நிற்கும் லேசான வேலை அடுத்த வகை. கிடங்கு வேலை அதற்கும் மேலே, 50 பவுண்டு வகை. 54 வயதில், "இவரால் லேசான வேலை செய்ய முடியும்" என்று அதிகாரி முடிவு செய்தால் விதிப்படி மறுப்பு. அதே நபர், அதே நுரையீரல், அதே லேசான வேலைத் தகுதி. 55 ஆனதும், பழைய வேலைக்குத் திரும்ப முடியாது, வேறு வேலைக்குக் கைமாற்றக்கூடிய தொழில் திறமையும் இல்லை என்றால், விதிப்படி ஏற்பு. பிறந்தநாளைக் கடப்பதற்குச் சில மாதங்களே இருந்தால் மேல் வயதுப் பிரிவில் வைத்துப் பார்க்கவும் அதிகாரிக்கு இடம் உண்டு. மறுபரிசீலனை முடியும் முன்பே அண்ணனுக்கு 55 ஆகிவிட வாய்ப்பிருக்கிறது. மேல்முறையீட்டைக் கைவிடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பழைய கணக்கர் வேலை அவரைக் கவிழ்க்குமோ என்று கேட்டிருந்தீர்கள். முன்பு கவிழ்த்திருக்கும். கடந்த 15 ஆண்டில் செய்த வேலைகளையெல்லாம் தோண்டி, "உட்கார்ந்து கணக்கு எழுதலாமே" என்பார்கள். 2024 ஜூன் 22 முதல் கடந்த 5 ஆண்டு வேலைகளை மட்டுமே பார்க்கிறார்கள். பத்து ஆண்டாகக் கிடங்கிலேயே இருந்தவர் என்பதால் கணக்கர் நாற்காலி இனி கணக்கில் வராது. படிவத்தில் அதை ஆர்வமாக விவரித்து எழுத வேண்டியதும் இல்லை. கேட்ட ஐந்தாண்டுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். கிடங்கு வேலையை எழுதும்போது "சரக்கு கையாளுதல்" என்று பொதுவாக எழுதாமல், பெட்டியின் எடை, ஒரு ஷிஃப்டில் எத்தனை பெட்டி, எத்தனை மணி நேரம் நின்றார் என்று எழுதுங்கள். "சூப்பர்வைசர்" என்று பெருமைக்காகப் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லிலிருந்து கைமாற்றக்கூடிய திறமை முளைத்துவிடும். ஆங்கிலம் சரியாகத் தெரியாதது முன்பு விண்ணப்பதாரருக்குச் சாதகமாக எண்ணப்பட்டது. 2020 ஏப்ரல் 27 முதல் அதை எடுத்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரை மட்டும் இலவசமாகத் தருவார்கள். நேர்காணலுக்கும் விசாரணைக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மகனோ மருமகளோ உட்கார்ந்து மொழிபெயர்த்தால் அப்பாவின் இருமலைக்கூட மரியாதையாக மொழிபெயர்த்துவிடுவார்கள்.

அன்றாடச் செயல்கள் பற்றிய படிவம் ஒன்று, எஸ்எஸ்ஏ-3373, வீட்டுக்கு வந்திருக்கும். நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். "சமைப்பீர்களா?" – ஆம். "துணி துவைப்பீர்களா?" – ஆம். "கடைக்குப் போவீர்களா?" – ஆம், வாரம் ஒருமுறை. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவர் கண்ணுக்கு ஆரோக்கியமான ஒரு குடும்பத்தலைவர்தான் தெரிவார். உங்களிடம் தொலைபேசியில் விசாரித்தபோது வந்த உண்மை வேறு. துணி துவைக்கும் இயந்திரம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கூடையை அண்ணி இறக்கித் தருகிறார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கிறார். பன்னிரண்டு படி ஏறி வர இரண்டு முறை நிற்கிறார். மேலே வந்ததும் பத்து நிமிடம் பேச்சு வராது. சமையல் என்பது குக்கரில் சாதம் வைப்பது. அண்ணி மிளகாய் தாளிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விடுகிறார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை இரண்டு ஆண்டாக நிறுத்திவிட்டார்கள். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், அதுவும் பால் எடுக்கும் மூலை வரைக்கும் போகாமல். இதையெல்லாம் அப்படியே எழுத வேண்டும். எவ்வளவு நேரம், எத்தனை இடைவெளி, யார் உதவி, முடித்த பிறகு என்ன ஆகிறது என்ற நான்கும் ஒவ்வொரு பதிலிலும் இருக்கட்டும். மிகைப்படுத்தாதீர்கள். "ஒன்றுமே செய்ய முடியாது" என்று எழுதிவிட்டு, டாக்டர் குறிப்பில் "நேற்று பேத்தியைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன்" என்று வந்தால் எல்லாமே போச்சு.

தாளிப்பும் சாம்பிராணியும் சின்ன விஷயம் இல்லை. தூசி, புகை, கடும் வாசனை, குளிர், ஈரப்பதம் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு மருத்துவக் குறிப்பில் ஏறினால் செய்யக்கூடிய வேலைகளின் பட்டியல் சுருங்கும். நெபுலைசர் நேரமும் அப்படித்தான். விசாரணை வரை போனால் நீதிபதியின் பக்கத்தில் தொழில் நிபுணர் ஒருவர் இருப்பார். "இவர் நாளில் இத்தனை சதவீத நேரம் வேலையை விட்டு விலகியிருந்தால், மாதத்தில் இத்தனை நாள் வராவிட்டால், எந்த முதலாளியாவது வைத்துக்கொள்வாரா?" என்று அவரிடம் கேட்பார்கள். இருபது நிமிடம் வீதம் நாளுக்கு நான்கு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்துக்குள் இரண்டு வந்தாலே நாற்பது நிமிடம். அதோடு இருமல் அடங்கும் நேரத்தையும் சேருங்கள். இன்ஹேலர் போட்டபின் கை நடுங்குவது, ஸ்டீராய்டு மாத்திரையால் தூக்கம் கெடுவது, மூச்சு முட்டுமோ என்ற பயத்தில் வெளியே போக மறுப்பது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். எல்லா உபாதைகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது விதி.

சிகரெட் பற்றிக் கூச்சத்தோடு கேட்டிருந்தீர்கள். பரிந்துரைத்த சிகிச்சையைக் காரணமில்லாமல் எடுக்க மறுத்தால் உதவித்தொகையை மறுக்கலாம். ஆனால் புகைப்பதை நிறுத்துவது அந்தச் "சிகிச்சை" என்ற சொல்லுக்குள் வராது என்று சோஷியல் செக்யூரிட்டியே 2018-இல் தெளிவாக்கிவிட்டது. அதற்காகப் பெட்டியை நீட்டிக்கொண்டு நீதிபதி முன் போக வேண்டாம். ஆக்சிஜன் ஓடும் வீட்டில் தீக்குச்சி கிழிப்பது வழக்கைவிடப் பெரிய ஆபத்து.

பணக் கணக்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கேட்டிருப்பது எஸ்எஸ்டிஐ, அதாவது சம்பளத்தில் பிடித்த வரியின் பேரில் வருவது. அதற்குக் கடந்த பத்து ஆண்டில் ஐந்தாண்டு அளவுக்காவது வேலை பார்த்து வரி கட்டியிருக்க வேண்டும். வயதுக்கேற்ற மொத்தக் கணக்கும் தேற வேண்டும். அவருக்கு இரண்டும் இருக்கிறது. இந்தியாவில் பி.எஃப். கட்டிய ஆண்டுகள் இதில் சேராது. இரு நாட்டுக்கும் இடையே அப்படி ஒப்பந்தம் கிடையாது. வேலை நின்றதிலிருந்து ஐந்து முழு மாதங்களுக்குப் பணம் வராது, ஆறாவது மாதத்திலிருந்துதான். மெடிகேர் அதற்கும் 24 மாதம் கழித்து. இடையில் சிறு வேலை பார்த்தால் மாத வருமானம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 2025-இல் அது 1,620 டாலர். எஸ்எஸ்ஐ என்ற இன்னொன்று வறியவர்களுக்கானது. கையில் 2,000 டாலருக்கு மேல், தம்பதிக்கு 3,000-க்கு மேல் சொத்து இருந்தால் கிடைக்காது, குடியிருக்கும் வீடும் ஒரு காரும் நீங்கலாக. ஊரிலிருந்து கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு எஸ்எஸ்ஐ கேட்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இங்கே 40 காலாண்டு வேலைக் கணக்கு இல்லாத பெரும்பாலோருக்குக் குடியுரிமை வரும் வரை அந்தக் கதவு திறக்காது. நியூ ஜெர்சி மாநிலத்தின் தற்காலிக இயலாமைக் காப்பீடு 26 வாரம் வரை தரும், ஆனால் வேலை நின்ற 30 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும். அதை நீங்கள் அப்போதே வாங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள், நல்லது.

வக்கீல் வைக்கலாமா? மறுபரிசீலனையும் தோற்று நீதிபதி விசாரணைக்குப் போவதானால் கண்டிப்பாக வையுங்கள். ஜெயித்தால் மட்டுமே கட்டணம். வழக்கமான ஒப்பந்தத்தில் நிலுவைத் தொகையில் 25 சதவீதம் அல்லது ஓர் உச்சவரம்பு (2025-இல் 9,200 டாலர்), எது குறைவோ அது. முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அண்ணனுக்கு 55 ஆனபின் விசாரணை நடந்தால், "இயலாமை தொடங்கிய நாளை 55-ஆவது பிறந்தநாளுக்கு மாற்றிக்கொள்கிறீர்களா? இன்றே முடித்துவிடலாம்" என்று ஒரு யோசனை வரக்கூடும். ஒப்புக்கொண்டால் ஏறத்தாழ ஓராண்டு நிலுவை போகும், மெடிகேரும் அத்தனை மாதம் தள்ளிப்போகும். சில குடும்பங்களுக்கு அதுவே நல்ல பேரம். நடைப் பரிசோதனையில் 85 கையில் இருந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உறவில் வேறு யாருக்காவது ஐபிஎஃப் என்ற, காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோய் இருந்தால் இத்தனை அலைச்சல் தேவைப்படாது. அது துரித ஏற்புப் பட்டியலில் இருக்கிறது. விண்ணப்பத்தில் நோயின் முழுப்பெயரைச் சரியாக எழுதினால் கணினியே அதை எடுத்து முன்னே வைக்கும். நுரையீரல் மாற்று அறுவை செய்தவர்களை, அறுவை நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்கு இயலாதவராகவே கருதுவார்கள்.

திருச்சிப் பயணம். எஸ்எஸ்டிஐ விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று விதி இல்லை. எஸ்எஸ்ஐ வாங்குகிறவர் 30 நாள் தொடர்ந்து வெளியே இருந்தால் பணம் நின்றுவிடும். அண்ணனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் வரும். மறுபரிசீலனையின்போது அவர்களே ஒரு டாக்டரிடம் அனுப்பிப் பார்க்க நினைக்கலாம். அந்த அழைப்புக் கடிதம் சில வாரத் தவணையில் வீட்டுக்கு வரும். போகாவிட்டால் அதையே காரணமாக்கி மறுக்கலாம். போவதாக இருந்தால் கோப்பைப் பார்க்கும் அதிகாரியிடம் தேதியை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள், வீம்பு வேண்டாம். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலை மேல் இருப்பதுபோல இறங்கும். கீழே 90 காட்டுகிறவருக்கு மேலே அது போதாது. கையில் எடுத்துச் செல்லும் ஆக்சிஜன் கருவிக்கு டாக்டர் சீட்டும், மொத்தப் பயண நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு ஓடக்கூடிய பேட்டரியும் விமான நிறுவனம் கேட்கும். நியூவார்க்கிலிருந்து திருச்சிக்கு, இறங்கி மாறும் நேரத்தையும் சேர்த்து, எத்தனை பேட்டரி என்று கணக்குப் போட்டபிறகு டிக்கெட் எடுங்கள். என்னைக் கேட்டால், நடைப் பரிசோதனையை முடித்து அறிக்கையைக் கோப்பில் சேர்த்துவிட்டுக் கிளம்புவேன். மார்கழிப் பனியும் போகிப் புகையும் அடங்கி, தை பிறந்து இரண்டு வாரம் கழித்துப் போய் இறங்குவதுபோல.